கப்பல் அமைச்சகம் வாங்கிய சுவடிகள்

அன்புள்ள ஐயா,

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரச நூலகத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், கீழை நாட்டுச் சுவடிகளை வாங்கிச் சேர்த்ததில் கடற்படை அமைச்சகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். பீரங்கியும் பாய்மரமும் வாங்க வேண்டிய அலுவலகம் புத்தகம் வாங்கியது ஏன்? நம் பக்கத்து ஏடுகளும் அந்த வழியாகத்தான் பாரிசுக்குப் போயினவா? அவற்றை வாங்கினார்கள் என்பதா, அள்ளிச் சென்றார்கள் என்பதா? எங்கள் ஊருக்கும் இதில் ஏதேனும் தொடர்பு உண்டா?

— ஒரு வாசகர், காரைக்கால்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருப்பது நான் விரித்து எழுதியிருக்க வேண்டிய செய்தி. எழுத வாய்ப்பளித்ததற்கு நன்றி.

முதல் கேள்விக்கான விடை நிர்வாக அமைப்பில் இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1669இல் கடற்படையின் பொறுப்பை ஏற்ற காலத்திலிருந்து, இஸ்தான்புல், இஸ்மிர், அலெப்போ, கெய்ரோ முதலிய இடங்களில் இருந்த பிரெஞ்சு கான்சல்கள், அதாவது வணிகத் தூதர்கள், வெளியுறவுத் துறைக்கு அல்ல, கடற்படைத் துறைக்கே கட்டுப்பட்டிருந்தார்கள். வணிகக் கப்பல்களையும் துறைமுகங்களையும் கவனிப்பதே அவர்களுடைய வேலை என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. 1723 முதல் 1749 வரை கடற்படை அமைச்சராக இருந்த மோர்பா, அரச மாளிகைத் துறைக்கும் அவரே அமைச்சர். அரச நூலகம் அந்த இரண்டாவது துறையின்கீழ் இருந்தது. ஆகவே, இன்ன நூல் வேண்டும் என்ற கோரிக்கையும், அதைத் தேடி வாங்கி அனுப்பக்கூடிய கான்சல்களின் கடிதங்களும் ஒரே அமைச்சரின் கைக்கு வந்து சேர்ந்தன. பூமியின் வடிவத்தை அளக்க 1735இல் பெருவுக்கும் 1736இல் லாப்லாந்துக்கும் அறிஞர் குழுக்கள் சென்றதும் இதே மோர்பாவின் ஆதரவில்தான்.

நூலகத்தின் தலைவர் ழான் போல் பின்யோன் என்ற துறவி. அவர் மோர்பாவின் உறவினர், அறிவியல் கழகத்தை வழிநடத்தியவர், லண்டனிலிருந்த ஹான்ஸ் ஸ்லோனைப் போன்ற அறிஞர்களோடு கடிதம் எழுதிப் புத்தகம் பரிமாறிக்கொண்டவர். 1718இல் இந்தப் பதவிக்கு வந்தபோது, அரசனுக்காக நூல் சேர்ப்பவன் தனக்கென்றும் சேர்ப்பது முறையல்ல என்று கருதித் தம் சொந்த நூலகத்தை விற்றுவிட்டார். இன்றைய பொதுப்பணியில்கூட அரிதான நேர்மை அது. அதை வாங்கியவர் ஜான் லா. கிழக்கிந்திய வணிகத்தை 1719இல் ஒரே கும்பினியாகத் திரட்டி, அடுத்த ஆண்டே வங்கியோடு சேர்ந்து வீழ்ந்த அதே லா. அவருடைய வங்கி இயங்கிய நெவெர் மாளிகைக்கே 1721இல் பின்யோன் அரச நூலகத்தைக் கொண்டுவந்தார்.

பின்யோனும் மோர்பாவும் சேர்ந்து செய்த பெரிய முயற்சி 1728இல் நடந்தது. புதிய தூதர் வில்நெவோடு, செவேன், மிஷேல் ஃபூர்மோன் என்ற இரண்டு அறிஞர்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பினார்கள். சுல்தானின் நூலகத்துக்குள் பழைய கிரேக்க நூல்கள் இருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனால் செவேன் மனம் தளராமல் கடைகளிலும் தனியாரிடத்திலும் தேடி ஏறத்தாழ 600 சுவடிகளைச் சேர்த்தார். ஃபூர்மோன் கிரேக்கத்துக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். படியெடுத்த பின் கற்களை உடைத்தார், ஸ்பார்ட்டாவின் இடிபாடுகளை அடியோடு பெயர்த்தேன் என்று பாரிசுக்குப் பெருமையாகவும் எழுதினார். 'அள்ளிச் சென்றார்கள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். அள்ளுவதைவிடக் கொடிய செயல் அது.

இந்தியாவைப் பற்றிப் பேசும்போது என் பழைய வரியில் ஒரு திருத்தம் தேவை. புதுச்சேரி பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊர். கும்பினியை மேற்பார்த்தது நிதித் துறை. எனவே இங்கே மோர்பாவின் நேரடி ஆணை செல்லாது. பின்யோன் கும்பினி இயக்குநர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் வழியாகக் கோரிக்கை புதுச்சேரிக்கு வந்தது. நூலைத் தேடும் வேலை லெ காக், கல்மெத் முதலிய சேசு சபைப் பாதிரியார்களிடம் வந்து சேர்ந்தது. பெட்டிகள் கும்பினிக் கப்பலில் ஏறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லோரியான் துறைமுகத்தில் இறங்கிப் பாரிசை அடைந்தன. பருவக்காற்றைப் பார்த்துத்தான் கப்பல் விட முடியும் என்பதால், ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆனது. அனுப்பிய ஏடு சரியானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் கேட்டவரோ அனுப்பியவரோ இறந்துபோவதும் உண்டு.

வாங்கினார்கள் என்பதே என் முடிவு. விலை கொடுத்துப் பெற்றவை சில, கூலி கொடுத்துப் படியெடுத்தவை சில. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று போற்றிக் காக்கப்பட்ட வேதத்தை 1730களில் பெரும்பாடுபட்டுப் பெற்ற கல்மெத், அதிலிருந்தே மேற்கோள் எடுத்து உருவ வழிபாட்டை மறுக்க முடிகிறது என்று மகிழ்ந்து எழுதினார். பின்யோன் கேட்டது அறிவுக்காக. வாங்கியவர் கையில் அது வாதத்துக்கான கருவி. இரண்டும் உண்மை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதுவது கீறல்தான். மை பூசித் துடைத்தால்தான் கீறலில் கருமை தங்கி எழுத்து துலங்கும். மையிடாத ஏட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் தெரியும், நேரே பிடித்தால் வெறும் ஓலை. பாரிசில் இந்திய ஏடுகள் நெடுங்காலம் அப்படித்தான் கிடந்தன. 1739இல் அச்சான நூலகப் பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. அவற்றைச் சரளமாக வாசிக்க ஒருவரும் இல்லை.

துருக்கிய, அரபு, பாரசீகச் சுவடிகளுக்கு இந்த நிலை வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் துறைமுகங்களில் வணிக வழக்கைப் பேசவும் ஒப்பந்தம் எழுதவும் நம்பகமான மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதால், கோல்பேர் 1669இலேயே பிரெஞ்சுச் சிறுவர்களை அந்த மொழிகளில் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். அந்த மாணவர்கள் பிற்காலத்தில் பயிற்சியாகவே சுவடிகளை மொழிபெயர்த்து நூலகத்துக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியில் கும்பினிக்கு இருமொழி அறிந்த இடையாட்களான துபாஷிகள் இருந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையைப் போன்றவர்கள் பேச்சையும் கணக்கையும் பார்த்துக்கொண்டபோது, தமிழையோ சமஸ்கிருதத்தையோ பாரிசில் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எந்த அதிகாரிக்கும் வரவில்லை. பணம் இருந்தது, கப்பல் இருந்தது, பட்டியல் இருந்தது. ஏட்டோடு சேர்த்து அதைப் பாடம் சொல்லத் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லலாம் என்று யாருக்கும் தோன்றாததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சமஸ்கிருத ஏடுகளுக்கு முறையான பட்டியல் எழுத, இந்தியாவில் ஆங்கிலக் கும்பினிப் பணியில் இருந்து மொழி கற்ற அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற பிரிட்டானியர் வர வேண்டியிருந்தது. அவரும் 1803இல் போர் மூண்டதால் பாரிசில் சிக்கிக்கொண்டவர்; பட்டியல் 1807இல் வெளிவந்தது.

உங்கள் ஊருக்கு வருகிறேன். வங்காளத்துப் பிரெஞ்சுக் குடியிருப்பான சந்தர்நகரிலிருந்து பின்யோனுக்குச் சமஸ்கிருத நூல்களைத் திரட்டி அனுப்பியவர் பொன்ஸ் என்ற பாதிரியார். அவற்றோடு அவர் எழுதி வைத்த சமஸ்கிருத இலக்கணமும் இருந்தது. பிற்காலத்தில் ஷெஸி என்ற பிரெஞ்சு அறிஞர் ஆசிரியர் யாருமின்றி அதை வைத்தே பாடம் தொடங்கி, 1814இல் கொலேஜ் த பிரான்ஸில் சமஸ்கிருதத்துக்கு ஏற்பட்ட முதல் இருக்கையில் அமர்ந்தார். அந்தப் பொன்ஸ், இந்தியரின் இலக்கணம், காவியம், தருக்கம், தரிசனங்கள் ஆகியவற்றை வரிசையாக விளக்கிப் பாரிசிலிருந்த து ஆல்த் பாதிரியாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஐரோப்பியர் பலர் இந்தியக் கல்வியின் பரப்பை முதன்முதலில் ஒழுங்காகத் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். கடிதத்தின் தேதி 1740 நவம்பர் 23. எழுதிய இடம், பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிராத காரைக்கால்.

அன்புடன்.