நோயல் பிரௌன்: கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் டாக்டர் நோயல் பிரௌன் எதற்காக அரசியலுக்கு வந்தார்?

டி.பி. என்கிற காசநோய்தான் காரணம். 1915ல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். அப்பாவை டி.பி. கொண்டுபோயிற்று. அம்மா வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போன கொஞ்ச நாளில் அவரும் இறந்துபோனார். நல்ல மனம் கொண்ட ஒரு குடும்பத்தின் தயவில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தபோது பிரௌனுக்கே அந்த நோய் வந்தது. பிழைத்தெழுந்து, டி.பி. நோயாளிகளுக்கான மருத்துவமனையான சானடோரியத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1948ல் தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்தில் கால் வைத்த முதல் நாளே சுகாதார அமைச்சர். வயது 32.

கேள்வி: டி.பி.யை ஒழித்தது ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துதானே, இவருக்கு ஏன் புகழ்?

மருந்தின் பங்கு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படுக்கை இல்லாமல் மருந்தை யாருக்குக் கொடுப்பது? மருத்துவமனைகளுக்காக நடந்த குதிரைப் பந்தய லாட்டரிப் பணம் முதலீட்டில் கிடந்தது. வட்டியோடு நிற்காமல், அசல் தொகையையே எடுத்து சானடோரியம் கட்டினார். அந்தத் துணிச்சல் அவருடையது.

கேள்வி (அதே நண்பர்): சானடோரியம் கட்டத் திட்டம் போட்டது அரசின் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி. அதை மறைக்கிறீர்களே?

மறைக்கவில்லை. டீனியின் உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. பிரௌனின் சுயசரிதையை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் எப்போதும் சொல்வதும் இதற்காகத்தான். அது 1986ல் வந்தது, பதவி போய் 35 வருடம் கழித்து. ஆறாத மனக்காயத்தோடு எழுதியது. அதில் மற்றவர்களுக்கு நியாயம் கிடைக்காது.

கேள்வி: பிரௌனின் தாய்சேய் திட்டத்தைக் கவிழ்த்தது கத்தோலிக்க சர்ச்தானே?

பாதி உண்மை. கர்ப்பிணிகளுக்கும் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம்: இதுதான் திட்டம். பிள்ளை வளர்ப்பு பெற்றோரின் உரிமை, அரசு தலையிடக் கூடாது என்றார்கள் ஆயர்கள் (பிஷப்புகள்). அதோடு தாய்மார்களுக்கு அரசு டாக்டர் கருத்தடை சொல்லிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஆனால் டாக்டர்கள் சங்கம்? பணம் கொடுத்து வரும் நோயாளிகள் இலவசத்துக்குப் போய்விட்டால் பிழைப்பு என்னாகும் என்று அவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்: டி.பி. வார்டு பார்த்த ஒரு டாக்டரை, டாக்டர்களே கைவிட்டார்கள். பிரதமர் காஸ்டெலோவும் சொந்தக் கட்சித் தலைவர் ஷான் மேக்பிரைடும் கூட நிற்கவில்லை. 1951 ஏப்ரலில் மேக்பிரைட் கேட்டு ராஜினாமா செய்தார். உடனே, ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை நாடே படித்தது.

கேள்வி: அப்போ கத்தோலிக்க சர்ச்தான் வில்லன்?

மேலே சொல்லிவிட்டேன். டாக்டர்கள் சங்கத்தை மறக்காதீர்கள்.

கேள்வி: ஆயர்கள்தான் அவரைப் பதவி நீக்கினார்களாமே?

இல்லை. ராஜினாமா கேட்டது மேக்பிரைட். தயவுசெய்து முந்தைய பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அப்புறம் அவர் என்ன ஆனார்?

கட்சி மாறிக்கொண்டே இருந்தார். சுயேச்சை, ஃபியானா ஃபாயில் கட்சி, சொந்தக் கட்சி, லேபர் கட்சி, பிறகு செனட் என்ற மேலவை. யாரோடும் நீண்டநாள் ஒத்துப்போகவில்லை. அது அவருடைய குறைதான். தாய்சேய் திட்டம் 1953ல் வெட்டிச் சுருக்கிய வடிவில் வந்தது, வருமான வரம்போடு. 1997ல் இறந்தார்.

கேள்வி: லியோ வரத்கரும் டாக்டர்தானே?

ஆமாம், அப்பா மும்பைக்காரர், அவரும் டாக்டர். 2017ல் அயர்லாந்துப் பிரதமரானார். 2020ல் கொரோனா வந்தபோது மறுபடி மருத்துவராகப் பதிவு செய்துகொண்டார். அவருக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் அயர்லாந்தில் வேலைக்குப் போக என்ன செய்ய வேண்டும்?

அது என் துறை இல்லை. அயர்லாந்து மருத்துவக் கவுன்சிலிடம் நேராகக் கேளுங்கள்.