இ-லிக்விட் (இ-சிகரெட்டில் ஊற்றும் திரவம்) தயாரிப்பில் வேதிப்பொருள் பதிவுகளைப் பராமரிக்க எக்செல் போதுமா?

போதும். ஆனால் முதல் வேலையாக சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதும் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். நிகோடினின் எண் 54-11-5. அப்படியே தட்டினால் எக்செல் அதை 1954 நவம்பர் 5 என்று தேதியாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நான் ஆவணம் பார்க்கிறேன். எங்கள் கோப்பில் நிகோடினுக்குப் பிறந்தநாள் வந்தது அப்படித்தான்.

பெயரை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள். வெனிலின் 121-33-5, எத்தில் வெனிலின் 121-32-4. இரண்டும் வேறு வேறு பொருள், அவசரத்தில் கை மாறிவிடும். நல்லவேளை, சிஏஎஸ் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே இருக்கிறது. மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போய்க் கூட்டுங்கள். வெனிலினுக்கு 3+6+3+8+5, ஆக 25. இந்தக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் 5, சிஏஎஸ் எண்ணின் கடைசி இலக்கமும் 5, சரி. இதை ஒரு ஃபார்முலாவாகப் போட்டு வைத்தால் தட்டச்சுப் பிழை உடனே மாட்டிக்கொள்ளும்.

பெரிய தலைவலி ஃப்ளேவர்தான். 'வெனிலா கான்சென்ட்ரேட் 6%' என்று பதிவில் எழுதிவிட்டுப் போக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலைப் பொருள் உத்தரவு 2014/40-இன்படி ஒவ்வொரு சேர்மானமும் அதன் அளவோடு, விற்பனைக்கு முன் அரசுக்குத் தரும் அறிவிப்பில் வர வேண்டும். அந்த 6 சதவீதத்துக்குள் வெனிலின் 10% இருக்கிறது, கூடச் சேர்க்கும் 4% கஸ்டர்ட் கான்சென்ட்ரேட்டில் 5% இருக்கிறது என்று வையுங்கள். 0.6-உம் 0.2-உம் சேர்ந்து வெனிலின் 0.8% என்று ஒரே வரியாக வர வேண்டும்.

இதற்கு சப்ளையர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் சேர்மானம் சொல்லும் 3-ஆம் பகுதி போதும் என்று நானும் ஏமாந்தேன். அதில் பெரும்பாலும் அபாய வகைக்குள் வரும் பொருள்கள்தான் இருக்கும், அவையும் '5 முதல் 10% வரை' என்கிற மாதிரி. ரகசிய ஒப்பந்தம் போட்டாவது சப்ளையரிடம் முழுச் சேர்மானத்தைக் கேளுங்கள். கூடவே டைஅசிட்டைல் பரிசோதனை அறிக்கையும். வெண்ணெய் மணம் தரும் அந்தப் பொருள் உணவில் பழக்கமானதுதான், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. தர மாட்டேன் என்றால் அந்த ஃப்ளேவரையே விட்டுவிடுங்கள்.

அப்புறம் அலகு. நிகோடின் வரம்பு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். நாம் கலப்பதோ எடை போட்டு. அடர்த்தி 1.15 என்றால் அது எடையில் சுமார் 1.74%தான். அடர்த்திக்கென்று தனிப் பத்தி வையுங்கள்.

சப்ளையர் கலவையை மாற்றினால் பழைய வரியின் மேல் எழுதாதீர்கள். புதுப் பதிப்பு எண், தேதி, எந்த லாட்டிலிருந்து மாற்றம் என்று புது வரி போடுங்கள். மாற்றம் கணிசமானது என்றால் புது அறிவிப்பு வேண்டும், சந்தைக்கு வரும் 6 மாதங்களுக்கு முன்பே. அதுவரை கடையில் இருப்பது பழைய வரியின்படி கலந்த பாட்டில்தான். யாராவது அதைப் பற்றிக் கேட்டால் நீங்கள் திறக்க வேண்டியதும் அந்த வரியைத்தான்.