அதிகபட்ச விலை

அன்புள்ள ஐயா,

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏல நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டு விலைகளைத் தொகுத்து, வரைபடங்களோடு மாத அறிக்கை ஒன்று தயாரித்தேன் (இணைத்துள்ளேன்). முதலாளி புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைய அதிகபட்ச விலையைப் பெரிய எழுத்தில் போட்டு விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்கிறார். புதிய எண்கள் விலைக்குக் கிடைக்குமாம், அவற்றுக்கும் அனுப்ப வேண்டுமாம். தரவின் மதிப்புத் தெரியாத இடத்தில் காலம் கழிப்பதா, பெங்களூருக்குப் போய்விடுவதா?

எம்.

அன்புள்ள எம்.,

வேலையை விடலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. அது உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். விலைக்கு வாங்கிய எண்களுக்குச் செய்தி அனுப்புவது தவறு. ஒருவருடைய விவரங்களை அவருடைய இசைவின்றிக் கையாளக் கூடாது என்பதற்காகத்தான் 2023இல் தனிச்சட்டமே வந்தது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். முதலாளி படிக்காததில் வியப்பில்லை. வண்ண வண்ணக் கோடுகள் இருக்கின்றனவே தவிர, கையில் இருக்கும் காயை இந்த வாரம் ஏலத்தில் வைக்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று தவிக்கும் தோட்டக்காரருக்கு உதவும் ஒரு வரியும் அதில் இல்லை. எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அவருக்கு மதிப்புத் தெரியவில்லை என்று கோபித்துக்கொள்ளும் முன், அதை யாருக்காக எழுதினீர்கள் என்று யோசித்திருக்கலாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த அதிகபட்ச விலைக்காக. 2019 ஆகஸ்டில் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள புற்றடி ஏலத்தில் ஒரு லாட் (ஒன்றாக ஏலம் விடப்படும் காய்க் குவியல்) கிலோ 7,000 ரூபாய்க்குப் போன செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். வண்டன்மேட்டுப் பக்கம் சிறு தோட்டம் வைத்திருந்த என் சித்தப்பா அந்த வாரம் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து ஜீப்பில் மேலே வரும் வேலையாட்கள் கூலியை உயர்த்தக் கேட்டார்கள், வட்டிக்குக் கொடுத்தவர் அசலைக் கேட்டார், மருமகன் வீட்டார் என்னென்னவோ எதிர்பார்த்தார்கள். எல்லாருடைய போனிலும் அந்த ஒற்றை எண்தான் இருந்தது. 2018 வெள்ளத்திலும் அதற்கடுத்த கோடையிலும் செடி பட்டுப்போய் வரத்துக் குறைந்ததால்தான் விலையே ஏறியது என்பதை, அதாவது விலை இருந்தபோது அவரிடம் காய் இல்லை என்பதை, அந்தச் செய்தியை அனுப்பியவர் யாரும் எழுதவில்லை. இருந்த கொஞ்சக் காயும் அதில் பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. பொய் சொல்கிறார் என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ வரத்தில், எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற நல்ல பச்சைக் காய் 20 கிலோ மட்டும் 3,500 ரூபாய்க்கும், மீதி 980 கிலோ 2,400 ரூபாய்க்கும் போனால் சராசரி 2,422 ரூபாய். தோட்டக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவது இதையொட்டிய தொகையைத்தான். உங்கள் செய்தியில் இருப்பதோ 3,500. அது பொய்யல்ல, ஏலத்தில் நடந்ததுதான். ஆகவே உங்களைக் கேள்வி கேட்கவும் முடியாது. எங்களிடம் காயைப் போட்டால் இந்த விலை கிடைக்கும் என்ற விளம்பரத்தைத் தகவல் என்ற பெயரில் அனுப்புவதைத்தான் நான் குற்றமாகச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) அன்றன்றைக்கு வெளியிடும் பட்டியலில் லாட் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்சம், சராசரி எல்லாமே ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையில் எல்லாரும் தவறவிடுவது விற்ற அளவைத்தான். வந்ததற்கும் விற்றதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், கேட்ட விலை கட்டாமல் காயைத் திருப்பி எடுத்துக்கொண்டவர்கள் அன்று அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். வந்த அளவையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் ரீபூலிங் பற்றித் தோட்டக்காரர்கள் நெடுநாளாகப் புலம்புகிறார்கள். வரத்து அதிகம் என்று பட்டியல் சொல்வதில் பழைய காயும் கலந்திருக்கக்கூடும். இதையெல்லாம் அறிந்தவர் நீங்கள். ஐந்தாண்டு விலைக் கோடுகளை வரைவதை விட்டுவிட்டு, இதை நான்கு வரியில் எழுதியிருந்தால் முதலாளியே வாசித்திருப்பார்.

ஆகவே நாளை மாலைச் செய்தியில் சராசரியை முதலில் போடுங்கள். அடுத்து வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு. அதிகபட்சத்தைக் கடைசியில், அது எத்தனை கிலோ லாட், என்ன அளவுக் காய் என்பதோடு சேர்த்துப் போடுங்கள். முதலாளி மறுத்தால், போன மாதம் உங்கள் அதிகபட்ச விலையை நம்பிக் காயைக் கொண்டுவந்து, தொகையைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வேறு ஏலத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். அந்தப் பட்டியலை அவர் புரட்டிப் பார்ப்பார்.

மலையாளத்திலும் அனுப்புங்கள். புற்றடி, அணக்கரைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நம்மிடம் நன்றாகவே தமிழ் பேசுவார்கள், ஆனால் அவர்களில் பலருக்கு வாசிக்க வருவது மலையாளம்தான்.

அன்புடன்