நாலு வயது நாய்க்கு வீடு பழகுமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் திரிந்த பெட்டை நாய் ஒன்றை 2 மாதத்துக்கு முன் வீட்டுக்கு எடுத்தோம். 4 வயது இருக்குமாம். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. காலையும் மாலையும் மரின் டிரைவில் அரை மணித்தியாலம் நடத்துகிறேன், ஒரு சொட்டும் போகாது. வீட்டுக்கு வந்ததும் செட்டிக்குப் பின்னால் போய்ச் சலம் விடுகிறது. கணவர் ஏசி, அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிறார். வளர்ந்த நாய் இனிப் பழகாது என்கிறார் மாமி. உண்மையா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: பழகும். குட்டியை விட இது லேசு என்றுகூடச் சொல்வேன். 2 மாதக் குட்டிக்கு அதிக நேரம் அடக்க முடியாது; சுகமாக உள்ள வளர்ந்த நாய் 6 மணித்தியாலம் தாங்கும். அரை மணித்தியாலம் வெளியே அடக்கி வைத்திருந்து வீட்டில் வந்து விடுகிறதே, அடக்கத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பிறகு ஏன் வெளியே போவதில்லை? எனக்கு அந்த மூக்குத் தேய்ப்பில்தான் சந்தேகம். வீட்டுக்குள் போனதற்கு ஏச்சு என்று நாய்க்கு விளங்காது. ஆட்கள் பார்க்கப் போனால் ஏச்சு என்றுதான் விளங்கும். நடக்கும்போது சங்கிலியைப் பிடித்தபடி நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள், அது அடக்குகிறது. நீங்கள் குசினிக்குப் போனதும் மறைவிடம் தேடுகிறது. இது திமிர் இல்லை, பயம். கணவரின் கையை முதலில் நிறுத்துங்கள்.

மற்றது, இடம். தெருவில் வளர்ந்தது மண்ணிலும் புல்லிலும் போய்ப் பழகியிருக்கும். மரின் டிரைவில் நடைபாதை, வாகனம், ரயில் சத்தம் எல்லாம் சேர்ந்து அதை மிரட்டலாம். அது முன்பு திரிந்த ஒழுங்கையிலேயே தெரிந்த மண் மூலை ஒன்று இருக்குமே, அங்கே கொண்டுபோங்கள். சங்கிலியைத் தளர விட்டு, அதையே பார்க்காமல் நில்லுங்கள். போய் முடித்த அந்த நொடியே அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். மாடிக்கு வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குத் தெரியாது. உடனே வீட்டுக்குத் திரும்பவும் வேண்டாம். சலம் விட்டால் உலாத்தல் முடிந்துவிடும் என்று கண்டுகொண்டால் வேண்டுமென்றே அடக்கும். கெட்டிக்காரச் சாமான்கள்!

போகாமல் திரும்பினால் வீட்டுக்குள் அவிழ்த்து விடாதீர்கள். உங்கள் கண்முன்னே கட்டி வைத்து, 20 நிமிடத்தில் மறுபடி இறக்குங்கள். எழும்பியதும், சாப்பிட்டபின், படுக்கமுன் கட்டாயம். லிஃப்டில் ஏறி இறங்கி அலுத்துப் போவீர்கள், சில வாரம் அப்படித்தான்.

செட்டிக்குப் பின்னால் மணம் இருக்கும்வரை அது அங்கேதான் போகும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கலந்த திரவம் கேட்டு வாங்குங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதற்கும் சல மணம்தான். எலிக்காய்ச்சல் நாயின் சலத்தாலும் தொற்றக்கூடியது, ஆகவே கையுறை போட்டுத் துடையுங்கள்.

படுத்த இடத்திலும் ஈரம் கண்டால், அல்லது வழமையை விட அதிகம் தண்ணீர் குடித்தால், இது பழக்கப் பிரச்சினை இல்லை. முதலில் சலத்தை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.