ரோட்டில் ஒழுங்காக ஓட்டுபவர்கள்கூட பார்க்கிங்குக்குள் வந்ததும் ஏன் விதிகளை மீறுகிறார்கள்?

நானும் அப்படி மீறியிருக்கிறேன். அந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாலை நேரம். பெரிய பார்க்கிங் ஒன்றில் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு காரின் ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. கிளம்பப் போகிறார்கள். முறைப்படி போவதென்றால் கடைசி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். தரையில் வரைந்திருந்த அம்புக்குறி என்னைப் பார்த்துத்தான் இருந்தது. நாலு வண்டி தூரம்தானே என்று எதிர்த்திசையில் திருப்பிவிட்டேன்.

நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். வார் அறுந்திருக்க வேண்டும். அவள் நின்று பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைத்தாள். ஆனால் பார்த்தது வண்டி வரவேண்டிய பக்கத்தை. நான் வந்தது மறுபக்கம்.

பிரேக் பிடித்துவிட்டது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடி வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தரையில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ரோட்டில் ஒருமுறைகூட நான் ஒருவழிப் பாதைக்குள் எதிரே போனதில்லை. அன்று ஏன் போனேன் என்று பல நாள் யோசித்தேன்.

எனக்குப் பட்டது இதுதான்: கேட்டைத் தாண்டியதுமே 'வந்து சேர்ந்துவிட்டோம்' என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஓட்டும் வேலை முடிந்தது, இனி இடம் பிடிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி என்ற நினைப்பு. சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் போனைக் கையில் எடுப்பதும் அப்போதுதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 2016இல் நடத்திய ஒரு கருத்துக்கணிப்பில், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுநர்கள் பார்க்கிங்குக்குள் ஓட்டும்போது போனில் பேசுவோம் என்றே சொன்னார்கள்.

கண்ணும் மாறிவிடுகிறது. ரோட்டில் அது ஆளையும் வண்டியையும் தேடும். இங்கே தேடுவது காலி இடத்தை. வரிசையில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடும்போது, அந்த இடைவெளியிலிருந்து வரும் ஆள் கடைசியில்தான் கண்ணில் படுவார்.

அடுத்தது வேகம். வேகமான சாலையிலிருந்து உள்ளே திரும்பியவருக்கு 30 கிலோமீட்டர் வேகம் ஊர்வது போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். ஒரு கார் நிறுத்தும் கட்டத்தின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடியாவது ஆகும், அதற்குள் மூன்று கட்டங்களைத் தாண்டியிருப்போம். 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கட்டத்தைத்தான் தாண்டியிருப்போம். அன்று நான் பத்துக்கும் கீழே வந்ததால்தான் இதை எழுத முடிகிறது.

போலீஸ் இல்லாததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. பெரும்பாலும் தனியார் இடம், கோடு போட்டது இடத்தின் சொந்தக்காரர். அதனால் அம்புக்குறியை யோசனை மாதிரி எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தனியார் இடத்தில் சட்டமே கிடையாது என்று நினைப்பது தவறு. பிரிட்டனில் ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றம் சாலைக்கு மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் மற்ற இடங்களுக்கும் பொருந்தும்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணமாக நான் நினைப்பது, மீறல் ஒட்டிக்கொள்ளும் என்பது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஒரு கார் பார்க்கிங்கிலேயே இதைச் சோதித்துப் பார்த்து, 2008இல் வெளியிட்டார்கள். வழக்கமான வழியை வேலி வைத்து மறித்து, சின்ன இடைவெளி மட்டும் விட்டார்கள். 'இந்த வழியே போகக்கூடாது, 200 மீட்டர் தள்ளி வேறு வழி இருக்கிறது' என்று ஒரு பலகை. 'வேலியில் சைக்கிளைப் பூட்டக்கூடாது' என்று இன்னொரு பலகை. சைக்கிள்கள் வேலியில் பூட்டப்படாமல் தள்ளி நின்றபோது, 27 சதவீதம் பேர் இடைவெளியில் நுழைந்து போனார்கள். வேலியிலேயே சைக்கிள்களைப் பூட்டி வைத்தபோது 82 சதவீதம் பேர். யாரோ ஒருவர் வேறொரு விதியை மீறியதைப் பார்த்ததே போதுமாக இருந்திருக்கிறது. கோட்டின் மேல் ஏற்றி நிறுத்திய ஒரு காரைப் பார்த்ததும் நமக்குள் என்ன நடக்கிறது என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

பார்க்கிங்கை அமைப்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அழிந்துபோன அம்புக்குறிகள், பத்தடி தள்ளி இருக்கும் இடத்துக்கு மொத்த வளாகத்தையும் சுற்றவைக்கும் ஒருவழிகள், குறுக்கே வெட்டிப் போ என்று கூப்பிடுவது போன்ற திறந்த வெளி. பலகை வைத்து ஒன்றும் ஆகாது. வேகத்தடையும் குறுக்கே போகவிடாத கம்பங்களும் நடப்பவர்களுக்குத் தனிப் பாதையும் வேண்டும்.

என் பழக்கத்தில் சிலதை மாற்றிக்கொண்டேன். உள்ளே நுழையும்போதே பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிடுவேன். பேச்சுச் சத்தமாவது காதில் விழும். வண்டியை ரிவர்ஸில் விட்டு நிறுத்துகிறேன், கிளம்பும்போது முன்பக்கம் பார்த்து வெளியே வரலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தை கண்ணில் படவே படாது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயமானதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

அதே பார்க்கிங்குக்குப் பிறகு ஒரு நாள் போக வேண்டியிருந்தது. அதே வரிசையில் ஓர் இடம் காலியாவது தெரிந்தது. இந்த முறை கடைசி வரை போய்ச் சுற்றி வந்தேன். 40 நொடி ஆயிற்று. அதற்குள் வேறொருவர் அங்கே நிறுத்திவிட்டார். எனக்கு அடுத்த வரிசையில் இடம் கிடைத்தது.