ஸ்டீயரிங் எரர் காட்டி ரீச் டிரக் நின்றுவிடுவது ஏன்?

மதுரை கப்பலூர் பக்கம் ஒரு குடோனில் எழுந்த கேள்வி இது. ரீச் டிரக் என்பது உயரமான அலமாரிகளில் சரக்கை ஏற்றி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வகை பேட்டரி வண்டி. எலக்ட்ரானிக் ஸ்டீயரிங் என்றால், ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ராடோ செயினோ கிடையாது. நீங்கள் எவ்வளவு திருப்பினீர்கள் என்று ஒரு சென்சார் சொல்லும். வண்டியின் மூளை மாதிரியான கன்ட்ரோலர் அதன்படி மோட்டாரை ஓட்டிச் சக்கரத்தைத் திருப்பும். உண்மையில் திரும்பியதா என்று இன்னொரு சென்சார் பார்க்கும். சித்திரைத் தேர் மாசி வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே? முன்னால் நிற்பவர் காட்டும் பக்கம் ஒன்று, தேர் போகும் பக்கம் வேறு என்றால் உடனே கட்டையைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். இரண்டு சென்சாரும் ஒத்துப்போகாதபோது கன்ட்ரோலர் செய்வதும் அதுதான்.

சரி, எங்கே பார்ப்பது? முதலில் திரையில் வந்த எரர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலே இந்த எரர் வரலாம். அப்புறம் சரக்கைத் தூக்கும் ஃபோர்க்கை இறக்கி, சாவியை எடுத்து, பேட்டரி பிளக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். சரக்கில் சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிம் அதில் முறுக்கிக்கொண்டு இறுக்கியிருக்கலாம். சென்சார் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கன்ட்ரோலர் மேல் சந்தேகப்படுவது கடைசியில்தான், அதன் விலையும் அதிகம்.

சாவியை அணைத்து மறுபடி போட்டதும் எரர் மறைந்தால் கோளாறு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மறைவது எச்சரிக்கை மட்டும்தான், தளர்ந்த கனெக்டர் அடுத்த குலுக்கலில் மறுபடி விட்டுப்போகும்.