ஈரம் எவ்வளவு? மாற்றுப் புரதம் பற்றி ஒரு கேள்வி பதில்

சேலத்தில் ஒரு தீவன ஆலையின் ஆய்வகத்தில் 19 வருஷம் இருந்தவள் நான். இப்போது சிறு பண்ணைக்காரர்களுக்கும் உணவுத் தொழில் தொடங்குபவர்களுக்கும் யோசனை சொல்கிறேன். புழு, பாசி, இலை, சோயா என்று புரதம் சம்பந்தமாக எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தச் சரக்கைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது "ஈரம் எவ்வளவு?" என்றுதான். பழகிய வாய், மன்னிக்கணும்.

ஆத்தூரிலிருந்து: மேடம், எங்க பக்கம் சேகோ ஃபேக்டரித் திப்பி மலிவா கிடைக்குது. ஒரு வியாபாரி, காய்ஞ்ச திப்பியில புரதம் 12 சதவீதம்னு லேப் ரிப்போர்ட் காட்டுறார். நாட்டுக்கோழிக்கு நம்பி வாங்கலாமா?

வாங்காதீங்க. திப்பி என்பது ஜவ்வரிசிக்காகக் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. அதைக் காயவைத்தால் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். புரதம் 2, 3 சதவீதம் இருந்தாலே பெரிது. அப்படியானால் 12 எங்கிருந்து வந்தது?

தீவன ஆய்வகத்தில் புரதத்தைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. ஜெல்டால் என்ற டேனிஷ் வேதியியலாளர் 1883இல் கொண்டுவந்த முறைப்படி நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறோம். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம் என்ற கணக்கில் வந்த எண் அது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். அதையும் 6.25ஆல் பெருக்குங்கள், 287 வரும். அதாவது 100 கிலோ திப்பியில் மூணரை கிலோ யூரியாவைத் தூவினால், இரண்டரை சதவீதச் சரக்கு காகிதத்தில் 12 ஆகிவிடும். சீனாவில் 2008இல் குழந்தைகளுக்கான பால் பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே தந்திரம்தான்.

மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் மாடே போய்விடும். கோழிக்கு அந்தக் கொஞ்சமும் பயன்படாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், எண்ணெய் எடுத்த தவிடு ஒரு லோடுக்குப் புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்து நானே கையெழுத்துப் போட்டேன். குஞ்சுகள் ஒரு மாதம் ஆகியும் தேறவில்லை. முதலாளி திட்டியதைவிட அந்தப் பண்ணைக்காரர் ஒன்றுமே சொல்லாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சரக்கைத் தண்ணீரில் கரைத்து, வறுக்காத பச்சை சோயா மாவு ஒரு ஸ்பூன் போட்டு, பாட்டிலை மூடி வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். திறந்ததும் மூக்கில் அமோனியா ஏறினால் யூரியா இருக்கிறது. சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி செய்யும் வேலை அது.

அதே அன்பர்: அப்போ எங்க குச்சிக்கிழங்கால புரதத்துக்குப் பிரயோஜனமே இல்லையா?

கிழங்கில் இல்லை, இலையில் இருக்கிறது. காய்ந்த இலையில் 20 முதல் 25 சதவீதம் புரதம். கிழங்கு பிடுங்கும்போது எவ்வளவு இலை வரப்பில் கிடந்து மக்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பச்சை இலை தின்ற ஆடு வயிறு ஊதிச் செத்த கதையும் தெரிந்திருக்கும். இலையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை கசங்கினால் அதிலேயே இருக்கும் நொதி அதன்மேல் பட்டு சயனைடு வெளிவரும். அந்த வேலை மாட்டின் வயிற்றுக்குள் நடந்தால் விஷம், களத்தில் நடந்து முடிந்துவிட்டால் தீவனம். அதனால் இலையை நறுக்காமல் அப்படியே காயப்போடாதீர்கள். நறுக்கி, ஓர் இரவு குவித்து வாடவிட்டு, பிறகு மெல்லிசாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் சருகாகக் காயவையுங்கள். கையில் பிடித்தால் நொறுங்கணும். அதற்குப் பிறகும் முழுத் தீவனமாகப் போடாமல் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். எந்த ரகத்தில் கசப்பு, அதாவது இந்த விஷம், அதிகம் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவாசலிலிருந்து: ஆமணக்குப் புண்ணாக்குல புரதம் நிறைய, விலையும் கம்மி. மாட்டுக்குக் கொஞ்சம் கலந்தா என்னங்க?

வேண்டாம். அதில் ரிசின் இருக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான், ஆனால் கொல்லும் புரதம். வீட்டில் வேகவைத்து அது போய்விட்டதா என்று உறுதிசெய்ய வழி கிடையாது. வயலுக்கு உரமாகப் போடுங்கள், மூட்டையைத் தொழுவத்தில் வைக்காதீர்கள்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: அக்கா, ஹோட்டல் மிச்சத்துல பி.எஸ்.எஃப். புழு வளர்த்து நாட்டுக்கோழிக்குப் போடுறேன். நல்லா திங்குது. காயவெச்சு விற்கணும்னா என்ன செய்யணும்? நாத்தமும் அடிக்குது.

பி.எஸ்.எஃப். என்கிற கருப்புச் சிப்பாய் ஈயைப் பற்றி இந்த முறை பதினோரு கேள்வி! உங்களுடையதுதான் தெளிவாக இருந்தது.

முதலில் நாற்றம். புழு வளர்ப்பே நாறாது, ஈரம் மிஞ்சிய படுக்கைதான் நாறும். சாம்பார், ரசம் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு, தவிடோ மரத்தூளோ கலந்து, பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 100 கிலோ கழிவுக்கு 15 முதல் 20 கிலோ பச்சைப் புழு வந்தால் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

அறுவடைக்கு முந்தின நாள் தீனியை நிறுத்தினால் குடல் காலியாகும். சல்லடையில் சலித்து, கழுவி, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் முக்கி எடுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிருமி குறைவதும் இதில்தான், புழு கறுத்துப்போகாமல் இருப்பதும் இதில்தான். பிறகு ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவையுங்கள். மூன்று கிலோ பச்சைப் புழு ஒரு கிலோவாகும். விலை பேசும்போது அந்த இரண்டு கிலோ தண்ணீரை ஓட்டிய விறகுக்கும் கரண்டுக்கும் யார் காசு கொடுப்பது என்று பாருங்கள். உங்கள் கோழிக்கே போடுவதானால் உயிரோடு போட்டுவிடுங்கள், காயவைக்கிற செலவு மிச்சம்.

காய்ந்த புழுவில் கொழுப்பே 30 சதவீதம் வரை போகும். செக்கில் அழுத்தி எடுக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். வருகிற எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம், தேங்காயெண்ணெய் மாதிரி குளிரில் உறையும். இன்னொன்று, புழுத்தோலில் கைட்டின் என்ற பொருள் உண்டு. அது புரதமில்லை, ஆனால் அதிலும் நைட்ரஜன் இருக்கிறது. அதனால் 6.25 போட்டுச் சொல்லும் புரதம் கூடுதலாகத் தெரியும். 4.76ஆல் பெருக்குவதுதான் நியாயம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வாங்குபவர் இதைக் கேட்டால் முழிக்காதீர்கள். பட்டறை, சாயப்பட்டறைக் கழிவு கலந்த குப்பையை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். காட்மியம் என்ற நச்சு உலோகம் புழு உடம்பில் சேர்ந்துவிடும்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட்ல காபிப் பழத்தோல் மலை மாதிரி குவியுது. மாட்டுக்குப் போடலாமா? இல்லேன்னா இங்கேயே புழு வளர்க்கலாமா?

தோலில் கஃபீனும் டானினும் இருக்கின்றன. மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும், மூத்திரம் அதிகமாகப் போகும். புரதமும் 10 சதவீதம் அளவுக்குத்தான். புழு வளர்ப்பும் உங்கள் ஊருக்கு ஒத்துவராது. அதற்கு 27, 30 டிகிரி சூடு வேண்டும், ஈக்கள் இணைசேர வெயில் வேண்டும். ஐயாயிரம் அடி உயரத்தில் மார்கழிப் பனியில் புழு சுருண்டு படுத்துக்கொள்ளும். மூடுபனியில் காயவைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தத் தோலை அவித்து வைக்கோலோடு கலந்து சிப்பிக் காளான் போடுங்கள், குளிர் அதற்கு உதவும்.

ஏற்காட்டிலிருந்து இன்னொருவர்: பலாக்காயைக் கறிக்கு மாற்றுன்னு டூரிஸ்ட்டுக்கு விற்கிறோம். புரதம்னு போர்டு போடலாமா?

பிரியாணி அருமையாக இருக்கும், நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பிஞ்சுப் பலாவில் புரதம் 2 சதவீதம்தான். நார் கறி மாதிரி இருக்கிறது, சத்து கறி மாதிரி இல்லை. போர்டில் ருசியை எழுதுங்கள்.

வாழப்பாடியிலிருந்து: அசோலா போட்டா புண்ணாக்கே வேண்டாம்னு வீடியோவில் சொல்றாங்களே?

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு சின்னப் பெரணிச் செடி. ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் 60 கிராம் அளவுக்கு நிற்கும். அதில் புரதம் 13, 14 கிராம். கடலைப் புண்ணாக்கில் அதே புரதம் வேண்டுமென்றால் சுமார் 30 கிராம், ஒரு கைப்பிடி. அசோலா நல்லது, இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. வீட்டு மாட்டுக்கு இரண்டு கிலோ அள்ளிப் போடுங்கள். புண்ணாக்கை நிறுத்தாதீர்கள், பால் சொல்லிவிடும்.

ஓமலூரிலிருந்து: அக்கா, மீல்மேக்கர் யூனிட் போடலாம்னு எக்ஸ்ட்ரூடருக்குக் கொட்டேஷன் வாங்கிட்டேன். நாமக்கல்லில் கோழித்தீவனத்துக்கு வர்ற சோயாப் புண்ணாக்கையே அரைச்சுப் போட்டா லாபம்தானே?

தம்பி, அட்வான்ஸ் கொடுக்கவில்லையே?

அந்தப் புண்ணாக்கு மீல்மேக்கர் ஆகாது. தீவனத்துக்கு வருவதை நன்றாக வறுத்துத்தான் அனுப்புவார்கள். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது, அதை அடக்கத்தான் அந்தச் சூடு. அந்தச் சூட்டிலேயே புரதம் இறுகி, தண்ணீரில் கரையும் குணத்தை இழந்துவிடும். வெந்த முட்டையை மறுபடி அடித்து ஆம்லெட் போட முடியுமா? உங்களுக்கு வேண்டியது உணவுத் தரத்தில், குறைந்த சூட்டில் எண்ணெய் எடுத்த சோயா மாவு. புரதம் சுமார் 50 சதவீதம், எண்ணெய் ஒரு சதவீதத்தை ஒட்டி. செக்குப் புண்ணாக்கும் சரிவராது. எக்ஸ்ட்ரூடர் என்பது மாவைச் சூட்டோடு அழுத்தித் தள்ளும் திருகுக் குழாய். மிச்ச எண்ணெய் அந்தத் திருகுக்குள் வழுக்கும், இழை பிடிக்காது.

மாவோடு தண்ணீர் சேர்த்து ஈரத்தை 20, 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். குழாய்க்குள் திருகு அழுத்தும்போது 130 முதல் 150 டிகிரி சூடு. புரத இழைகள் அவிழ்ந்து, திருகு தள்ளும் திசையில் படுத்து, ஒன்றோடொன்று ஒட்டும். வாய்த்துளையில் அழுத்தம் விடுபட்டதும் உள்ளே இருந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகிப் பொரிகிறது. மீல்மேக்கரில் தெரியும் பொந்தெல்லாம் அந்த ஆவி போன வழி. பொரியாமல் கோழிக்கறி மாதிரி நார்நாராக வேண்டுமென்றால் ஈரம் 50 சதவீதத்துக்கு மேல், வாயில் நீளமான குளிர்விக்கும் அச்சு, பிறகு குளிர்சாதனச் சங்கிலி. அது வேறு முதலீடு.

என் யோசனை, முதலில் டோஃபு, அதாவது சோயாப் பன்னீர், போட்டுப் பாருங்கள். ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவிட்டு, உறையவைக்க வேண்டியதுதான். மிஞ்சும் சக்கை மாட்டுக்கு நல்லது. ஆனால் அதில் 80 சதவீதம் தண்ணீர், நம் ஊர் வெயிலில் மறுநாளே புளிக்கும். பக்கத்தில் மாடு வைத்திருப்பவரை முதலில் பேசி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தாரமங்கலத்திலிருந்து: மழையில கடலைப் புண்ணாக்கு லேசா பூசணம் பிடிச்சிருச்சு. வெயில்ல போட்டுத் தட்டிட்டு மாட்டுக்கு வெக்கலாமா?

பூசணத்தைத் தட்டலாம், அது விட்டுப்போன அஃப்ளடாக்சினைத் தட்ட முடியாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் பிரேசிலிலிருந்து போன கடலைப் புண்ணாக்கு. இந்த நஞ்சை உலகம் அடையாளம் கண்டதே அதற்குப் பிறகுதான். வளர்ந்த மாடு பெரும்பாலும் சாகாது. ஆனால் தின்ற ஒரு நாளிலேயே அந்த நஞ்சு பாலில் எம்1 என்ற வடிவில் வரும், காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் நம் நாட்டு வரம்பு. மாட்டுக்கு வேண்டாம் என்று கோழிக்குஞ்சுக்கோ வாத்துக்கோ திருப்பிவிடவும் கூடாது, அவை இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை மூட்டைக்கு அடியில் பலகை போடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: பிள்ளைகளுக்குப் புரதப் பவுடர் டப்பா விலை தாங்கலைங்க. கொள்ளு, மொச்சையில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. கொள்ளில் 22 சதவீதம் புரதம். புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். கேழ்வரகோ அரிசியோ இரண்டு பங்கு, கொள்ளோ பாசிப்பயறோ ஒரு பங்கு. பயறை ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டிக் காயவைத்து வறுங்கள். வாயு பிடிப்பது குறையும். ஆனால் வாசத்துக்காகச் செக்கச்செவேல் என்று வறுக்காதீர்கள். அந்தச் சிவப்பில் முதலில் போவது லைசின்தான்.

கடைசியாக, மேச்சேரியிலிருந்து ஒரு தம்பி: புழுவை மனுஷங்களும் சாப்பிடலாமா? கேட்டதுக்கு வீட்டில் அடிக்க வர்றாங்க.

அடிக்க வருபவர்களிடம், முதல் மழைக்குப் பிறகு ஈசல் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்றதில்லையா என்று கேட்டுப் பாருங்கள். என் அப்பாயி சிமினி விளக்கை வாசலில் வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துப் பிடிப்பார். ஐரோப்பாவில் 2021 முதல் சில பூச்சிகளை உணவாக விற்க அனுமதி உண்டு. நம் நாட்டில் அதை நம்பிக் கடை போட்டுவிடாதீர்கள். வீட்டில் ருசி பார்ப்பதானாலும், இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக்கூடாது. அந்த ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் பூச்சியிலும் இருக்கிறது.